அம்ப்ளிஃபயரை மாற்றினால் இசை மாறுமா?

மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியில், பிரெய்ரி ஆற்றங்கரையில் இருக்கும் சின்னப் பகுதி ரொக்ஸ்பரோ. 1914இல் தனி ஊராகத் தொடங்கி, 2002இல் மாநகரோடு இணைந்தது. பக்கத்து நகரமான டொலார் டி ஓர்மோவில் திருமுருகன் கோயில் இருக்கிறது. இந்தப் பக்கங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல. இங்கே குளிர்காலம் நீளமானது. யன்னல்களை இறுக்கிச் சாத்திய வீட்டில், பிள்ளைகள் உறங்கிய பிறகு, சுவருக்கு அப்பால் இருப்பவரின் தூக்கத்தையும் கெடுக்காமல் ஒரு முழுக் கச்சேரியைக் கேட்க வேண்டுமென்றால் ஹெட்போன்தான் சபா. இசையில் ஊறியவர் நல்ல ஹெட்போனுக்குப் பணம் சேர்ப்பதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அப்படிச் சேர்த்தவரின் கண் பெரும்பாலும் பிளேனர் வகை ஹெட்போன்மேல் விழுகிறது. வாங்கி முடித்ததும் அடுத்த கேள்வி முளைக்கிறது: இதை எந்த அம்ப்ளிஃபயரில் இணைப்பது? வால்வு அம்ப்பில் வீணை குழைந்து வருகிறது என்பார் ஒருவர். டிரான்சிஸ்டர் அம்ப்பில் மிருதங்கத்தின் தொப்பி இறுக்கமாக விழுகிறது என்பார் இன்னொருவர். நூறு டாலருக்கும் அம்ப் கிடைக்கிறது, ஐயாயிரம் டாலருக்கும் கிடைக்கிறது. விலையில் இருக்கும் அந்த வேறுபாடு காதுக்குள்ளும் வந்து சேர்கிறதா?

ரசனை மட்டும் சார்ந்த கேள்வி இல்லை இது. சோதித்து விடை காணக்கூடியது. அப்படிச் சோதிக்கும் முறையைச் செதுக்கியவர்களில் முக்கியமானவர்கள் கனடாவில் வேலை செய்தவர்கள். ரொக்ஸ்பரோவிலிருந்து காரில் இரண்டு மணிநேரத்தில் போகக்கூடிய ஒட்டாவாவிலும், இதே தீவில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்திலும் அந்த வரலாற்றின் முக்கியமான பகுதி நடந்தது.

தாள் பாடும் விதம்

வழக்கமான ஹெட்போனுக்குள் இருப்பது டைனமிக் டிரைவர். குவிந்த சவ்வு ஒன்று, அதன் பின்னால் ஒட்டிய கம்பிச்சுருள், சுருளைச் சூழ்ந்த காந்தம். சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைந்து சவ்வைத் தள்ளுகிறது. விசை பிறப்பது சுருள் ஒட்டியிருக்கும் வட்டத்தில் மட்டும்தான். சவ்வின் மற்றப் பகுதிகள் பின்னாலேயே வர வேண்டும். அதிர்வெண் கூடக் கூட, சவ்வு ஒரே பொருளாக அசையாமல் பகுதி பகுதியாக நெளியத் தொடங்குகிறது.

பிளேனரில் சுருளும் இல்லை, குவிந்த சவ்வும் இல்லை. சில மைக்ரான் தடிப்பே உள்ள தட்டையான பிளாஸ்டிக் தாள் ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், அந்தத் தாள் எவ்வளவு மெல்லியது என்று எண்ணிப் பாருங்கள். தாளின் மேல் முழுப் பரப்பிலும் மெல்லிய உலோகப் பாதை வளைந்து வளைந்து படிந்திருக்கும். தாளுக்கு ஒரு பக்கமோ இரு பக்கமுமோ காந்தப் பட்டைகள். உலோகப் பாதையில் இசையின் மின்னோட்டம் ஓடும்போது, பரப்பின் பெரும்பகுதியில் ஒரே நேரத்தில் விசை பிறக்கிறது. விரித்த ஜமுக்காளத்தை நடுவில் ஒருவர் மட்டும் பிடித்துத் தூக்குவதற்கும், சுற்றிலும் பத்துப் பேர் பிடித்துச் சமமாகத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. தாழ்ந்த சுரங்களிலும் பிளேனரின் ஒலி சிதையாமல் தெளிவாக வருவதற்கு இந்த அமைப்பு பெரிதும் காரணம்.

இந்த எண்ணம் புதிதல்ல. ஜப்பானின் யமஹா நிறுவனம் 1976இல் எச்பி-1 என்ற பிளேனர் ஹெட்போனை விற்றது. அதன் உருவத்தை வடிவமைத்தவர் இத்தாலியக் கட்டடக் கலைஞர் மாரியோ பெல்லினி. ஆனால் அன்றைய காந்தங்களுக்கு வலு போதவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நியோடிமியம் காந்தம் உருவாக்கப்பட்டது. சிறிய பட்டைக்குள் பெரிய காந்தப்புலத்தை அடக்க அதனால் முடிந்தது. அது மலிவாகவும் பரவலாகவும் கிடைக்கத் தொடங்கிய பிறகு பிளேனருக்கு இரண்டாம் பிறவி வாய்த்தது.

அந்த இரண்டாம் பிறவியில் இரண்டு பெயர்களைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று, ஃபாங் பியான் தொடங்கிய ஹைஃபைமேன். மற்றது, 2008இல் கலிபோர்னியாவில் பிறந்த ஒடிசி. ஒடிசியை நிறுவியவர்களில் ஒருவர் சங்கர் தியாகசமுத்திரம். நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாகவும் அவரே இருந்தார். விண்வெளித் துறைக்காக வளையும் மின்சுற்றுத் தாள்களைச் செய்துவந்த ஒரு பொறியாளரைச் சந்தித்ததும், அந்தத் தாளிலிருந்தே ஒலி எழுப்பலாம் என்று நிறுவனர்களுக்குத் தோன்றியது. அங்கிருந்து வந்தவைதான் இன்று இசைக்கலவை அறைகளில் காணக்கூடிய எல்சிடி வரிசை ஹெட்போன்கள். 2023இல் சோனியின் விளையாட்டுப் பிரிவு ஒடிசியை வாங்கியது.

எவ்வளவு ஆற்றல் வேண்டும்?

அம்ப்ளிஃபயரின் வேலை எளிது. சிறிய மின்னலையை வாங்கி, அதே வடிவத்தில், ஹெட்போனை அசைக்கப் போதுமான அளவுக்குப் பெருக்கித் தருவது. ‘போதுமான அளவு’ என்பது ஹெட்போனுக்கு ஹெட்போன் வியக்கும்படி மாறுகிறது.

ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபெல் ஒலி வரும் என்பதை ஹெட்போனின் உணர்திறன் என்பார்கள். ஒடிசி எல்சிடி-எக்ஸுக்கு அது 103 டெசிபெல். 2017இல் 6,000 அமெரிக்க டாலர் விலையோடு வந்த ஹைஃபைமேன் சுஸ்வாராவுக்கு 83 டெசிபெல். இருபது டெசிபெல் இடைவெளி என்றால் நூறு மடங்கு திறன். இரண்டும் பிளேனர்தான், இரண்டும் உயர்ந்த ரகம்தான். ஆனால் ஒரே சத்தத்தை எழுப்ப ஒன்றுக்கு மற்றதைவிட நூறு மடங்கு வாட் தேவை.

கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். தனி ஆவர்த்தனத்தில் ஒரு வலுவான அடி, கணநேரத்துக்கு 110 டெசிபெல்லைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்சிடி-எக்ஸ் 20 ஓம். அதற்கு வேண்டியது 5 மில்லிவாட், அதாவது மூன்றில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. சுஸ்வாரா 60 ஓம். அதற்கு வேண்டியது 500 மில்லிவாட், அதாவது ஏறக்குறைய ஐந்தரை வோல்ட். கைபேசியில் செருகும் சிறிய ஆப்பிள் அடாப்டர் தரக்கூடியது சுமார் 1 வோல்ட். எல்சிடி-எக்ஸுக்கு அது தாராளம். சுஸ்வாராவிலோ உச்ச அடிகள்கூட 95 டெசிபெல்லைத் தாண்டாது. மெதுவாகக் கேட்பவருக்கு அதுவும் போதும். மேடைக்கு முன்வரிசையில் உட்கார்ந்ததுபோல் கேட்க விரும்புபவருக்குப் போதாது.

ஆகவே, சில பிளேனர்களுக்கு நல்ல வலுவுள்ள அம்ப் வேண்டும் என்பது முழு உண்மை. வலுவில்லாத அம்ப்பை அதன் எல்லைக்கு மேல் திருகினால், அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அந்தக் கரகரப்பு யார் காதுக்கும் கேட்கும். ஆனால் தேவையைத் தாண்டிய திறன் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. 5 வாட் அம்ப்புக்குப் பதில் 10 வாட் அம்ப் வைத்தால் உச்ச எல்லை வெறும் 3 டெசிபெல் உயரும். நாம் கேட்கும் அளவில் இரண்டுமே தம் திறனில் சிறு பங்கைத்தான் செலவிடுகின்றன.

பிளேனரின் தனிக்குணம்

மாறும் மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பை இம்பீடன்ஸ் என்பார்கள். டைனமிக் ஹெட்போனில் இது அதிர்வெண்ணோடு ஏறி இறங்கும். 300 ஓம் என்று அச்சிட்ட சென்ஹைசர் எச்டி 600 போன்ற ஒன்றில், தாழ்சுரப் பகுதியில் சவ்வு இயல்பாக அதிரும் இடத்தில், அது 500 ஓம் அளவுக்கு எழும்பும். அம்ப்பின் வெளியேறு முனைக்கும் சொந்தமாக ஓர் எதிர்ப்பு உண்டு. சில பழைய வடிவமைப்புகளில் அது 120 ஓம்வரை இருக்கும். இரண்டும் சேரும்போது மின்னழுத்தம் அவற்றுக்கிடையே பங்கு பிரிகிறது. இம்பீடன்ஸ் கூடிய இடத்தில் ஹெட்போனுக்குப் போகும் பங்கும் கூடுகிறது. எச்டி 600ஐ 120 ஓம் அம்ப்பில் இணைத்தால் தாழ்சுரப் பகுதி சுமார் 1 டெசிபெல் தூக்கலாக வரும். அம்ப்பை மாற்றினால் ஒலியின் நிறமும் மாறும் என்பது அங்கே மெய்யான இயற்பியல்.

பிளேனரில் கதை வேறு. உலோகப் பாதை கிட்டத்தட்டத் தூய மின்தடையாகவே நடந்துகொள்கிறது. 20 ஹெர்ட்ஸிலும் 60 ஓம், 20,000 ஹெர்ட்ஸிலும் ஏறக்குறைய அதே 60 ஓம். அம்ப்பின் உள்ளெதிர்ப்பு எவ்வளவாக இருந்தாலும், எல்லா அதிர்வெண்களிலும் ஒரே விகிதத்தில்தான் மின்னழுத்தம் குறையும். ஒலி தாழும், நிறம் மாறாது. அம்ப்புக்கு அம்ப் குணம் மாறும் என்று அதிகமாகப் பேசப்படும் இந்த வகை ஹெட்போன்தான், உண்மையில் அம்ப்பின் குணத்துக்கு மிகக் குறைவாக இடம் கொடுப்பது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான்.

விதிவிலக்கு உண்டு. வெளியேறு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு அம்ப்புகள் 300 ஓம் ஹெட்போனுக்குப் பொருந்தும். 20 ஓம் பிளேனர் கேட்கும் மின்னோட்டத்தை அவற்றால் சுலபமாகத் தர முடியாது. அப்போது சிதைவு நூற்றுக்கு ஒரு பங்குக்குக்கூட ஏறலாம். அந்தச் சிதைவு காதுக்குக் கேட்கும். சிலருக்கு அது இதமாகவும் இருக்கும். அதை விரும்புவதில் தவறில்லை.

நன்றாக வடிவமைத்த இன்றைய டிரான்சிஸ்டர் அம்ப்பில் சிதைவு 0.001 சதவீதத்துக்கும் கீழே, அதாவது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. ஹெட்போனின் சிதைவோ நல்ல ரகத்திலும் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி இருப்பது வழக்கம். அம்ப் செய்யும் பிழை ஹெட்போன் செய்யும் பிழைக்குக் கீழே எங்கோ ஆழத்தில் புதைந்துவிடுகிறது.

அப்படியானால் கேட்பது என்ன?

இவ்வளவையும் படித்த பிறகும், இரண்டு அம்ப்புகளை மாற்றிக் கேட்ட ஒருவர் “வேறுபாடு கேட்டது” என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே கேட்டது. அதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, சத்தத்தின் அளவு. ஒவ்வோர் அம்ப்பும் உள்ளே வரும் அலையை ஒவ்வொரு மடங்கு பெருக்கும். குமிழை ஒரே கோட்டில் வைத்தாலும் ஒன்று மற்றதைவிடச் சில டெசிபெல் கூட ஒலிக்கும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் காட்டியதுபோல், நம் காதின் உணர்வு சத்தத்தோடு சேர்ந்து மாறுகிறது; ஒலி சற்று உயர்ந்தால் தாழ்சுரம் கூடுதலாக நிறைந்து கேட்கும். வேறுபாடு அரை டெசிபெல்லைவிடச் சிறியதாக இருந்தால் “சத்தம் கூடியது” என்று மனம் பிடிக்காது. “தெளிவு கூடியது”, “உயிர் வந்தது” என்றே பிடிக்கும். பெரிய அம்ப்பில் இசை விரிகிறது என்ற அனுபவங்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடும்.

இரண்டாவது, ஹெட்போன் தலையில் உட்காரும் இடம். கழற்றி மீண்டும் மாட்டினால் மெத்தை சில மில்லிமீட்டர் நகரும். உயர்ந்த அதிர்வெண்களில் அதுவே பல டெசிபெல் மாற்றத்தைத் தரும். மூக்குக் கண்ணாடியின் காம்பும், மொன்றியல் குளிருக்குப் போடும் கம்பளித் தொப்பியின் விளிம்பும் மெத்தைக்கும் தோலுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டால் தாழ்சுரம் கசிந்து போகும். அம்ப்பை மாற்றும்போது ஹெட்போனைக் கழற்றினால், சோதித்தது அம்ப்பை அல்ல, மாட்டிய விதத்தை.

மூன்றாவது, கவனம். மக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் அல்பர்ட் பிரெக்மன் பல ஆண்டு ஆய்வைத் தொகுத்து 1990இல் ஒரு பெரிய நூல் எழுதினார். காதுக்குள் வருவது ஒரே ஒரு கலந்த அலை. அதைக் குரல், வயலின், தம்புரா, மிருதங்கம் என்று தனித்தனி ஓட்டங்களாகப் பிரித்தெடுப்பது மூளை என்பதே அதன் சாரம். எந்த ஓட்டத்தில் கவனம் செல்கிறதோ அது முன்னால் வரும். முதல் தடவை குரலைப் பின்தொடர்ந்தவர், இரண்டாம் தடவை தம்புராவைப் பிடிக்கிறார். “இந்த அம்ப்பில்தான் தம்புரா கேட்கிறது” என்கிறார். பதிவில் தம்புரா முதலிலிருந்தே இருந்தது. இப்போது அதன்மேல் மனம் நின்றது.

நான்காவது, கண். இங்கேதான் ஒட்டாவாவின் கதை வருகிறது.

ஒட்டாவா கற்பித்த பாடம்

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் 1965இல் சேர்ந்தவர் ஃப்ளாய்ட் டூல் என்ற ஒலியியல் ஆய்வாளர். ஸ்பீக்கர்களின் தரம் பற்றி ஆளுக்கொரு கருத்து சொல்வதற்கு முடிவே இல்லையா என்ற கேள்வியோடு அவர் வேலையைத் தொடங்கினார். எதிரொலியற்ற அறையில் ஸ்பீக்கர்களை அளந்தார். பிறகு திரைக்குப் பின்னால் அவற்றை வைத்து, எது ஒலிக்கிறது என்று தெரியாதபடி பலரைக் கேட்கச் சொல்லி மதிப்பெண் போட வைத்தார். திரை விழுந்ததும், ஆளுக்கொன்றாகச் சிதறியிருந்த கருத்துகள் ஒன்றுகூடின. பெரும்பாலானோர் ஒரே ஸ்பீக்கர்களை நல்லவை என்றார்கள்; எதிரொலியற்ற அறையில் சீராக அளவு காட்டியவையும் அவையே. பிஎஸ்பி நிறுவனத்தின் பால் பார்ட்டன் உட்படக் கனடாவின் ஸ்பீக்கர் செய்வோர் பலர் அந்த ஆய்வகத்தில்தான் தங்கள் வேலையைக் கூர்மைப்படுத்தினார்கள்.

மக்கிலில் ஒலிப்பதிவு படித்த ஷான் ஒலிவ் பின்னர் ஒட்டாவாவில் டூலோடு இணைந்தார். இருவரும் பிறகு அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனார்கள். 1994இல் அவர்கள் செய்த சோதனை பேர்பெற்றது. 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள், இரண்டு சுற்று. ஒரு சுற்றில் ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரியும். மற்றச் சுற்றில் தெரியாது. கண்ணால் பார்த்த சுற்றில், பெரியதும் விலையுயர்ந்ததும் மேலே ஏறின, சின்னதும் மலிவானதும் கீழே இறங்கின. ஸ்பீக்கரின் இடத்தை மாற்றியதால் வந்த உண்மையான ஒலி வேறுபாடுகளைக்கூட, பார்த்துக்கொண்டு கேட்டவர்கள் சரிவரக் கவனிக்கவில்லை. இத்தனைக்கும் அவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களே.

இது மனித மனத்தின் இயல்பு. 2008இல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வொன்றில் 20 பேருக்கு ஒரே வைனை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். 90 டாலர் என்றபோது சுவையும் கூடியதாகச் சொன்னார்கள். இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கியது. விலை தந்த இன்பம் உண்மையான இன்பம்தான். அது கிண்ணத்தில் இல்லை என்பது மட்டுமே செய்தி.

அம்ப்ளிஃபயர்களையும் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ இதழ் 1987 ஜனவரியில் ஒரு பெரிய சோதனையின் முடிவை வெளியிட்டது. 220 டாலர் ரிசீவரிலிருந்து 12,000 டாலர் வால்வு ஜோடி வரை. கேட்டவர்கள் 25 பேர். வேறுபாடு உண்டு என்று நம்புவோரும் நம்பாதோரும் அதில் இருந்தார்கள். சத்தத்தைச் சமன்செய்து, எது என்று மறைத்துக் கேட்க வைத்தபோது, சரியான விடைகளின் விகிதம் நாணயத்தைச் சுண்டினால் வருவதை ஒட்டியே நின்றது. அது ஸ்பீக்கர்களில் நடந்த சோதனை. ஹெட்போனுக்கும் இயற்பியல் அதுவே. பிளேனரின் மாறாத இம்பீடன்ஸைச் சேர்த்துப் பார்த்தால் வேறுபாட்டுக்கான இடம் இன்னும் சுருங்குகிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம்

என் சொல்லையும் யாரும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒரு மல்டிமீட்டரும், ஹெட்போனை இரண்டு அம்ப்புகளுக்கு இடையே மாற்றும் ஒரு சுவிட்சுப் பெட்டியும், உதவிக்கு வீட்டில் ஒருவரும் இருந்தால் போதும்.

முதலில் சத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். 60 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போன் இணைந்திருக்கும் நிலையிலேயே, ஆனால் காதில் மாட்டாமல், இரண்டு அம்ப்புகளின் வெளியேறு மின்னழுத்தத்தையும் அளந்து குமிழைத் திருத்துங்கள். வீட்டு மின்சாரம் கனடாவில் 60 ஹெர்ட்ஸ். மலிவான மல்டிமீட்டரும் அந்த இடத்தில் சரியாக அளக்கும். பிளேனரின் இம்பீடன்ஸ் மாறாதது என்பதால் அங்கே சமன்செய்தது முழு வீச்சுக்கும் பொருந்தும். இரண்டு அளவுகளும் நூற்றுக்கு ஒரு பங்குக்குள் நெருங்கினால் 0.1 டெசிபெல் துல்லியம் கிடைத்துவிடும்.

பிறகு ஹெட்போனைக் கழற்றாமல் கேளுங்கள். உதவுபவர் உங்கள் கண்ணுக்குப் படாமல் நாணயத்தைச் சுண்டி, அதன்படி சுவிட்சைப் போட வேண்டும். எந்த அம்ப் என்று அவர் முகமோ குரலோ காட்டிவிடாதபடி இருப்பது நல்லது. தெரிந்த பதிவுகளிலிருந்து சிறு துண்டுகளை எடுங்கள். தம்புரா மட்டும் ஒலிக்கும் தொடக்கம், தொப்பி அழுந்தும் மிருதங்க மோரா, தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து எழும் இடம், பாட்டோடு சன்னமாக ஒலிக்கும் ஜால்ரா. ஒலியின் நுண்விவரத்தை நினைவு சில நொடிகளுக்குத்தான் பிடித்து வைக்கும்; ஆகவே பத்து நொடித் துண்டே நல்லது.

பதினாறு தடவை செய்யுங்கள். பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால், குருட்டு அதிர்ஷ்டத்தால் அது நேர்வதற்கான வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் குறைவு. அப்போது உங்கள் காது எதையோ உண்மையாகப் பிடிக்கிறது என்று பொருள். அது மின்னழுத்தப் பற்றாக்குறையா, சிதைவா, இரைச்சலா என்று தேடலாம். எட்டு, ஒன்பது என்று நின்றால், அந்த இரண்டு அம்ப்புகளும் உங்கள் காதுக்கு ஒன்றே. இப்படி மறைத்துக் கேட்பது காதை அவமதிப்பது ஆகாது. கண்ணின் தலையீட்டை விலக்கி, காது சொல்வதை மட்டும் பதிவு செய்வது அது. செவிப்பறை அணுவைவிடச் சிறிய தூரம் அசைந்தாலே ஒலியை உணரக்கூடிய காது நம்முடையது. அதன் சாட்சியத்தைச் சுத்தமாகப் பெறுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

பணம் எங்கே போக வேண்டும்?

மொன்றியலுக்கு அருகே பூஷேர்வில்லில் 1980 முதல் அம்ப்ளிஃபயர் செய்துவரும் சிம்ஓடியோ இருக்கிறது. ஆண்டுதோறும் மாநகரில் ஓடியோ கண்காட்சியும் நடக்கிறது. போய்ப் பார்க்கலாம், நல்ல வேலைப்பாட்டை ரசிக்கலாம். ஆனால் திறந்த முதுகுள்ள பிளேனரைச் சனம் நிறைந்த மண்டபத்தில் வைத்து மதிப்பிட முடியாது; வெளிச்சத்தம் நேராக உள்ளே வந்துவிடும். திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் கடையில் வாங்கி, வீட்டின் அமைதியில் கேட்பதே முறை.

வாங்கும்போது ஹெட்போனுக்கே முதலிடம் கொடுங்கள். ஒலியின் நிறத்தை முடிவு செய்வது அதுதான். அதிலும் விலையை மட்டும் நம்ப வேண்டாம். 2017இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் ஜெரூன் பிரீபார்ட் 283 ஹெட்போன்களின் அளவுகளை ஒப்பிட்டு, அதிர்வெண் சீர்மைக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்று காட்டினார். ஹெட்போனைத் தேர்ந்த பின் அதன் உணர்திறனையும் ஓமையும் பார்த்து, வேண்டிய வோல்ட்டைக் கணக்கிடுங்கள். அந்த வோல்ட்டைச் சிதைவில்லாமல் தரும் அம்ப், விலை எதுவானாலும், உங்களுக்குப் போதுமான அம்ப். அழகுக்காகவோ உறுதிக்காகவோ வால்வின் வெளிச்சத்துக்காகவோ கூடுதலாகக் கொடுப்பது உங்கள் விருப்பம். ஒலிக்காகக் கொடுக்கிறேன் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

டூலின் ஒட்டாவாச் சோதனைகள் இன்னொன்றையும் காட்டின. செவித்திறன் குறைந்தவர்களின் மதிப்பெண்கள் அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. ஒரே ஸ்பீக்கருக்கு இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாறின. இழந்த செவித்திறனை எந்த அம்ப்பும் மீட்டுத் தராது. 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணிநேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபெல்லில் அது கால் மணிநேரம்தான். வலுவான அம்ப் கைக்கு வந்த அன்றே குமிழை எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்துவிடுங்கள். காதில் இரைச்சலோ அடைப்போ தோன்றினால் தாமதிக்காமல் செவிப் பரிசோதனைக்குப் போங்கள்.